எதெல் மெய்ரே சாயம் பழகினது யாழ்ப்பாணத்திலா? அவவின் அளவுகள் எங்கட கிணத்துத் தண்ணிக்குச் சரிவருமா?

கிணத்தடி | 04.02.2024

ஒரு கூட்டத்தில ஒருத்தர் அடிச்சுச் சொன்னவர்: கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின்ரை முதல் மனிசி எதெல், யாழ்ப்பாணத்தில சாயவேர் (சிவப்புச் சாயம் தாற ஒரு சிறு செடியின்ரை வேர்) காய்ச்சப் பழகி, அந்த வித்தையைக் கொண்டுபோய்த்தான் இங்கிலாந்தில நெசவுப் பட்டறை போட்டவ எண்டு. உண்மையோ? மற்றது, அவ எழுதின தாவரச் சாயப் புத்தகம் இணையத்தில சும்மா கிடக்கு. அதில உள்ள அளவுகளை அப்படியே எங்கட கிணத்துத் தண்ணியில செய்தால் சரிவருமோ?

நூல்பந்து | 04.02.2024

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. இரண்டாவதுக்கும் இல்லை, ஆனால் அது வேற மாதிரியான இல்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஆளை முதலில் சரியாகப் பிடிப்பம். எதெல் மேரி பார்ட்றிஜ், பிறப்பு 1872, டெவன் பகுதியில் பார்ன்ஸ்ரேபிள். தகப்பன் மருந்துக்கடைக்காரர். 1899 இல் லண்டன் றோயல் இசைக் கழகத்தில் பியானோ கற்பிக்கத் தகுதி பெற்று, பிறகு லண்டனிலும் ஜேர்மனியின் பொன் நகரத்திலும் வீட்டு ஆசிரியையாக இருந்தவ. 1902 ஆனியில் குமாரசுவாமியைக் கலியாணம் முடிச்சவ. 1903 தொடக்கம் இலங்கை. அவர் கனிப்பொருள் அளவை வேலையில் ஊர் ஊராய்ப் போக, இவவும் கமராவோடு போய்க் கைவினைஞர்களைப் படம் எடுத்தவ. அந்த வேலையின் பயன் 1908 இல் வந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெரிய நூல். பெயரிலேயே இருக்கு, அது கண்டி நாட்டைப் பற்றியது. யாழ்ப்பாணத்துச் சாயவேருக்கும் அந்தப் பயணங்களுக்கும் முடிச்சுப் போட ஆதாரம் ஒன்றும் இல்லை.

அவ தறியிலும் சாயப் பானையிலும் கை வைச்சது 1907 இல் இங்கிலாந்துக்குத் திரும்பின பிறகு. அப்போ வயசு முப்பத்தைஞ்சு கடந்திட்டுது. "எங்களிட்டைப் பழகிக்கொண்டு போனவ" என்கிற கதை கேட்க இனிப்பாய் இருக்கும். அவ்வளவுதான்.

நூல்பந்து | 05.02.2024

தேடுறவைக்கு ஒரு குறிப்பு. இவவைப் பட்டியல்களில் மூன்று பெயரில் தேட வேணும். பிறந்த பெயர் பார்ட்றிஜ். இலங்கைப் படங்களும் கண்டித் தையல் வேலை பற்றிய எழுத்தும் குமாரசுவாமி என்ற பெயரில். 1913 இல் பிலிப் மெய்ரேயைக் கட்டின பிறகு வந்த நெசவு, சாயம், கற்பித்தல் எல்லாம் மெய்ரே என்ற பெயரில். ஒரு பெயரில் மட்டும் தேடினால் ஒன்றில் "அறிஞரின் மனைவி" வருவா, இல்லாட்டி "ஆங்கில நெசவாளர்" வருவா. இரண்டு பேரும் ஒரே ஆள் என்று பலருக்குத் தெரியாமல் போனதே இதால்தான்.

1908 நூலில் குமாரசுவாமியின் பெயர்தான் பெரிதாய்த் தெரியும். படங்களில் பெரும்பகுதி எதெல் எடுத்தவை. வில்லியம் மொறிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் இருந்த கைப்பொறியில், 425 பிரதி மட்டும் அடிச்ச நூல் அது.

பனையோலை | 05.02.2024

குமாரசுவாமியின்ரை வேர் பருத்தித்துறைப் பக்கம்தானே. அந்த வகையில எதெல் எங்கட ஊர் மருமகள். மருமகளுக்கு மாமியார் வீட்டில சாயம் பழக்கினது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன். 😄

நூல்பந்து | 05.02.2024

பாட்டனார் குமாரசுவாமி முதலியார் பருத்தித்துறைப் பக்கம், சரி. ஆனால் மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி 1879 இலேயே காலமாகிவிட்டார். மாமியார் எலிசபெத் பீபி ஆங்கிலேயப் பெண். அந்த வீட்டில் சாயப் பானை இருந்திருக்காது, தேத்தண்ணிப் பானைதான் இருந்திருக்கும்.

நூல்பந்து | 07.02.2024

இனி அளவுக் கேள்வி. 1916 இல் வந்த அந்தப் புத்தகத்தைத் திறக்கிற எல்லாரும் மூன்று இடத்தில் வழுக்குகினம்.

ஒன்று, அது பெரும்பாலும் கம்பளிக்கான புத்தகம். பருத்தி கடைசியில், ஓரமாய் வருது. கம்பளிக்கு ஒரு இறாத்தலுக்குக் கால் இறாத்தல் சீனக்காரம் (படிகாரம்), அதாவது நிறையில் 25 வீதம், போட்டுக் காய்ச்சினால் போதும். கம்பளியும் பட்டும் விலங்கு நார். படிகாரத்தைத் தானாகவே பிடிக்கும். பருத்தி பிடிக்காது. அதே 25 வீதத்தைப் பருத்திச் சேலைத் துண்டுக்குப் போட்டுக் காய்ச்சிச் சாயத்தில் இறக்கினால் முதல் நாள் நல்ல சிவப்பு, மூன்றாம் தோய்ச்சலில் பழைய ரோசாப்பூ. பருத்திக்கு நடுவில் ஒரு துவர்ப்பு வேணும். எங்களுக்கு அது கடுக்காய்.

இரண்டாவது, அலகுகள். அவவின் கலன் பிரித்தானியக் கலன், 4.54 லீற்றர். இணையத்தில் கிடக்கிற கணக்குப் பொறிகள் சில அமெரிக்கக் கலனை (3.79) எடுத்துக் கணக்குப் போட்டுத் தரும். அப்போ தண்ணி கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைஞ்சு, கரைசல் கடுமையாய் வரும். நினைவில் வைக்கச் சுகமான வழி: ஒரு கலனுக்கு ஒரு இறாத்தல் என்றால் லீற்றருக்கு 100 கிராம். ஒரு இறாத்தல் நூலுக்கு ஒரு அவுன்ஸ் என்றால் 6¼ வீதம். இந்த இரண்டும் போதும்.

மூன்றாவது தண்ணி. அதற்குத் தனியாய் எழுத வேணும்.

நூல்பந்து | 08.02.2024

தண்ணி.

புத்தகத்தின் தொடக்கத்திலேயே அவ கண்டிப்பாய்ச் சொல்லுறா: சாயத்துக்கு மென்னீர் வேணும், மழைத்தண்ணி எல்லாத்திலும் நல்லது, கிணத்துத் தண்ணி பெரும்பாலும் வன்னீர் (சுண்ணாம்பு மாதிரி உப்புகள் கரைஞ்ச தண்ணி), அதைத் தவிர்க்க வேணும். தற்காலிக வன்மை என்றால் இருபது முப்பது நிமிடம் கொதிக்க வைச்சுப் போக்கலாம், கொஞ்சம் அசற்றிக் அமிலமும் உதவும்.

யாழ்ப்பாணத்தில் அது எல்லாருக்கும் இடி. எங்கட நிலம் சுண்ணாம்புக் கல். கேத்தலின் உள்ளே வெள்ளையாய்ப் படிகிறதே, அதுதான் அவ சொல்லுற தற்காலிக வன்மை. கொதிக்க வைச்சால் சுண்ணாம்பு அடியில் இறங்கும். ஆறவிட்டு, கலக்காமல் மேல் தண்ணியை மட்டும் வார்த்து எடுக்க வேணும். கரையோரச் சவர்த் தண்ணிக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அது உப்பு, கொதிச்சால் இன்னும் செறியும்.

ஆக: கொதிக்க வை, தெளிய விடு, பத்து லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விடு. சிவப்புக்கு மட்டும் கடைசியில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு.

நூல்பந்து | 11.02.2024

மேலே எழுதினதில் கடைசி இரண்டு வசனமும் பிழை. அழிக்காமல் விடுகிறேன், பார்த்து எழுதினவை ஏற்கெனவே இருக்கக்கூடும்.

சுண்ணாம்பை எடுத்துவிட்டு, பிறகு சிவப்புக்குச் சுண்ணாம்பு போடு என்று சொல்லியிருக்கிறேன். பைத்தியக்கார வேலை. வேர்ச்சிவப்புகளுக்கு (ஐரோப்பிய மஞ்சிட்டி, எங்கட சாயவேர்) கல்சியம் எதிரியில்லை, கூட்டாளி. வேரின் சிவப்புப் பொருளான அலிசரின், படிகாரத்தின் அலுமினியத்தோடும் கல்சியத்தோடும் சேர்ந்துதான் நிலைச்ச சிவப்பாய் இறுகும். மென்னீரில் சாயம் போடுற ஐரோப்பியர் சோக்குத்தூளை அளந்து போடுகினம், லீற்றருக்கு ஒன்று இரண்டு கிராம். எங்களுக்கு அது கிணத்திலேயே இலவசமாய்க் கிடக்கு. எனவே வேர்ச்சிவப்பு என்றால் நல்ல தண்ணிக் கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைக்காமல், வினாகிரி விடாமல், அப்படியே பாவியுங்கோ. வினாகிரி விட்டால் சிவப்பு செம்மஞ்சளாய்ச் சாயும்.

"சிட்டிகை சுண்ணாம்பு" இன்னும் மோசம். வெற்றிலைச் சுண்ணாம்பு சோக்கு இல்லை. அது காரம். அலிசரினைக் கத்தரிப்பூ நிறத்துக்குத் தள்ளும். மென்னீரில் செய்யிறவை சோக்குத்தூளோ, உள்தோல் உரிச்சுக் கழுவி அரைச்ச முட்டைக்கோதோ போடலாம். வெற்றிலைத் தட்டத்தில் கை வைக்க வேண்டாம்.

அப்ப அவ சொன்னது பிழையா? இல்லை. அவ கம்பளிக்காரி. கம்பளியை வன்னீரில் சவுக்காரம் போட்டுக் கழுவினால் திரண்டு ஒட்டும், நிறம் மங்கும். அவவின் விதி அவவின் நாருக்குச் சரி.

கிணத்தடி | 11.02.2024

அக்கா, நான் எட்டாந்திகதி வாசிச்சிட்டு வினாகிரிப் போத்தல் வாங்கி வைச்சிட்டன்.

நூல்பந்து | 11.02.2024

ஊறுகாய் போடுங்கோ.

நூல்பந்து | 14.02.2024

அரைக் கிலோ பருத்தித் துணிக்கு, யாழ்ப்பாணத்தில் வாங்கக்கூடிய சாமானோடு, வேர்ச்சிவப்பு. குறைஞ்சது நான்கு ஐந்து நாள் பிடிக்கும். ஒரு நாளில் முடிக்கப் பார்க்கிறவை இங்கேயே நிறுத்தலாம்.

துணி கோறாத் துணி என்றால் கஞ்சி இருக்கும். இரவு முழுக்க ஊறவிட்டு, அடுத்த நாள் 10 லீற்றர் தண்ணியில் 15 கிராம் சலவைச் சோடாவும் கொஞ்சம் சவுக்காரமும் போட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்க வையுங்கோ. தண்ணி தேத்தண்ணி நிறத்தில் வரும். அது பருத்தியின் மெழுகு. இரண்டாம் முறையும் அதே நிறம் வந்தால் மூன்றாம் முறையும் செய்ய வேணும். காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணி விட்டால் உருண்டு நிற்காமல் உடனே உள்ளே போக வேணும். திட்டுத் திட்டாய்ச் சாயம் பிடிச்சால் பத்தில் எட்டுத் தரம் பிழை இந்தக் கட்டத்தில்தான். ஆனால் எல்லாரும் சாயத்தைத்தான் திட்டுவினம்.

கடுக்காய் 100 கிராம், கொட்டை நீக்கி இடிச்சது. கை பொறுக்கிற சூட்டுத் தண்ணியில் கரைச்சு, துணியை இறக்கி, இடைக்கிடை பிரட்டி, இரவு முழுக்க விடுங்கோ. காலையில் மங்கல் மஞ்சளாய் இருக்கும். பிழிஞ்சு காயப் போடுங்கோ. அலசக்கூடாது.

சீனக்காரம் 100 கிராம். வேறு பாத்திரத்தில் சுடுதண்ணியில் கரைச்சு, 12 கிராம் சலவைச் சோடாவைத் தனியாய்க் கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாய் விடுங்கோ. நுரைக்கும், பாத்திரம் பெரிதாய் இருக்கட்டும். நுரை அடங்கினதும் போதிய தண்ணி சேர்த்துத் துணியை ஒரு இரவு ஊறவிட்டு, பிழிஞ்சு, காயவிடுங்கோ. காய்ந்தபடி இரண்டு நாள் விட்டால் இன்னும் நல்லது.

பிறகு ஒட்டாமல் நிற்கிற படிகாரத்தை எடுக்க வேணும். பழைய ஆட்கள் சாணத் தண்ணியில் அலசினவை. அது சும்மா பழக்கமில்லை, சாணத்தில் உள்ள பொசுபேற்று மிச்ச அலுமினியத்தைப் பிடிச்சுக்கொள்ளும். சாணம் ஏலாது என்றால் தவிட்டை ஒரு துணியில் முடிஞ்சு இளஞ்சூட்டுத் தண்ணியில் கசக்கி, அதில் பத்து நிமிடம். இந்த அலசலை விட்டால் சாயம் துணியில் ஏறாமல் பானைத் தண்ணியிலேயே மிச்சப் படிகாரத்தோடு கட்டியாகி அடியில் இறங்கும்.

கடைசியாய் வேர். துணியின் நிறை அளவு, 500 கிராம், தூள். முதல் இரவு ஊறப் போட்டு, அடுத்த நாள் துணியையும் இறக்கி, குளிர்ந்த நிலையில் இருந்து ஒரு மணித்தியாலத்தில் மெல்ல 65 பாகை வரை ஏற்றி, இன்னுமொரு மணித்தியாலம் அங்கேயே நிறுத்துங்கோ. கொதிக்கக்கூடாது. கொதிச்சால் வேரில் உள்ள கபில நிறங்களும் கிளம்பிச் சிவப்பைச் செங்கல் ஆக்கும். இரவு முழுக்கப் பானையிலேயே ஆறட்டும்.

பாத்திரம் எவர்சில்வர். இரும்புத் தாச்சி வேண்டாம். கடுக்காய்த் துணி இரும்பைக் கண்டால் கறுக்கும். சாயத்துக்கு எடுத்த பானை பிறகு சமையலுக்கு வரக்கூடாது.

பனையோலை | 15.02.2024

சீனக்காரம் கேட்டதுக்கு நாட்டுமருந்துக் கடையில பொரிச்சதைத் தந்தவங்கள். அதே அளவோ?

நூல்பந்து | 15.02.2024

இல்லை, நல்ல கேள்வி. படிகாரத்தின் நிறையில் 45 வீதத்துக்கு மேல் தண்ணிதான். பொரிச்சால் அது போய்விடும். 100 கிராமுக்குப் பதில் 55 கிராம் போதும். அதிகமாய்ப் பொரிச்சது கரையவும் கரையாது, வெள்ளைத் தூளாய் அடியில் நிற்கும். பொரிக்காத கட்டியையே கேட்டு வாங்குங்கோ.

அன்னபேதிக்கும் (இரும்புச் சல்பேற்று) இதே கதை. கபிலமும் கறுப்பும் எடுக்கப் பாவிக்கிறது. பச்சைக் கண்ணாடித் துண்டு மாதிரி இருந்தால் நல்லது. மஞ்சள் பூத்திருந்தால் காற்றுப்பட்டுத் துரு ஏறினது. அரைக் கிலோ துணிக்கு 5 கிராம் தாண்ட வேண்டியதில்லை. கூடப் போட்டால் துணி சில வருடத்தில் தானாகவே இற்றுப் போகும்.

புத்தகத்தில் குரோம், அதாவது பொற்றாசியம் இருகுரோமேற்று, வெளிச்சத்தில் வைக்காதே என்ற எச்சரிக்கையோடு வருது. வெளிச்சம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது புற்றுநோய் தரும் நஞ்சு. அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போங்கோ.

நூல்பந்து | 20.02.2024

வேர் என்று மட்டும் எழுதினது போதாது. தனிமடலில் வந்த படத்தில் இருந்தது செம்மஞ்சள் கபிலம். காரணம் சாமான் மாறினது.

எதெலின் புத்தகத்தில் வருகிறது ஐரோப்பிய மஞ்சிட்டி. எங்கட கடையில் மஞ்சிட்டி என்று தருகிறது அதன் இந்தியத் தங்கச்சி. பெயரும் குடும்பமும் ஒன்று, உள்ளே உள்ள நிறம் வேறு. இந்திய மஞ்சிட்டியில் அலிசரின் மிகக் குறைவு. பர்ப்புரின், மஞ்சிஸ்ரின் முதலியவைதான் கூட. அதால் செம்மஞ்சள் சிவப்புத்தான் வரும். அது பிழையில்லை, அதன் குணம்.

நீலம் கலந்த ஆழ்ந்த சிவப்பு வேணுமென்றால் அது சாயவேர். அதில் அலிசரின் இருக்கு, பர்ப்புரின் இல்லை. அதால்தான் கரையோரச் சாயக்காரர் அதைத் தயங்காமல் கொதிக்க வைச்சவை. நான் சொன்ன 65 பாகை மஞ்சிட்டிக்கு. சாயவேருக்கு அந்தப் பயம் இல்லை.

நுணாவும் இருக்கு. வேர்ப்பட்டையில்தான் நிறம். பலர் செய்து "வரவில்லை" என்று விட்டிருப்பினம். அதில் புளிப்பு இருக்கு, அது சாயம் ஏறுறதைத் தடுக்கும். பட்டைத்தூளைக் குளிர்தண்ணியில் இரண்டு மூன்று தரம் ஊறவிட்டு அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டுப் பிறகு காய்ச்ச வேணும். எங்கட வன்னீர் அங்கேயும் துணை நிற்கும்.

கிணத்தடி | 21.02.2024

அப்ப சாயவேர் எங்க கிண்டலாம் அக்கா?

நூல்பந்து | 21.02.2024

கிண்டாதேங்கோ.

மன்னார், தீவுப் பக்க மணல்களில் தானாக முளைக்கிற சிறு செடி. ஒல்லாந்தர் காலத்தில் அதை அரசு ஏகபோகமாய் வைத்திருந்து, மன்னார், யாழ்ப்பாண மணல்களில் கிண்டுவிச்சு, சோழமண்டலக் கரைச் சாயக்காரருக்கு ஏற்றினவை. நிறம் வேரின் தோலில். வேரோ நூல் தடிப்பு. அரைக் கிலோ காய்ந்த வேருக்கு எத்தனை செடி போக வேணும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கோ. விதை எடுத்துச் சொந்த மணல் பாத்தியில் போடலாம். விதை தூசி மாதிரி, உலர்ந்த மணலோடு கலந்து தூவ வேணும், மூடக்கூடாது. வேருக்கு இரண்டு வருடம் பொறுக்க வேணும். பாத்தி வேர் நீளமாய் வரும், காட்டு வேரளவு நிறம் தராது. பசளையைக் குறையுங்கோ. சிப்பி கலந்த மணலில் முளைச்ச வேர்தான் உயர்ந்தது என்று பழைய காலத்திலேயே பெயர். அதற்குள்ளும் அதே கல்சியக் கதைதான்.

நூல்பந்து | 03.03.2024

பெப்ரவரி 4 இல் "ஆதாரம் ஒன்றும் இல்லை" என்று வெட்டிச் சொன்னது கொஞ்சம் கடுமை. சாயவேருக்கு ஆதாரம் இல்லை, அதில் மாற்றமில்லை. ஆனால் இலங்கைக்கும் அவவின் பிற்காலத்துக்கும் தொடர்பே இல்லை என்று தொனிச்சிட்டுது. அது பிழை. 1908 நூலில் நெசவும் தையலும் இருக்கு. நாலு வருடம் ஒரு கைவினைஞனின் முற்றத்தில் நின்று கருவி, கை, சாமான் எல்லாவற்றையும் கமராக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தவவுக்கு, பிறகு தறியில் இருக்கும்போது அந்தக் கண் எங்கே போகும்? செய்முறையைப் பழகவில்லை, பார்க்கப் பழகினவ. செய்முறை பழைய ஆங்கில, பிரெஞ்சுச் சாய நூல்களைக் கிண்டியும், சொந்தப் பானையில் போட்டுப் பார்த்தும் வந்தது.

பனையோலை | 03.03.2024

பட்டறையில என்னதான் படிப்பிச்சவ? அதைச் சொல்லேல்லையே.

நூல்பந்து | 06.03.2024

டிச்சிலிங் என்ற கிராமத்தில் 1920 அளவில் கட்டின வீடும் பட்டறையும், பெயர் கொஸ்பல்ஸ். வந்த பிள்ளைகள் முதலில் தறியில் ஏறுறதில்லை. ஆட்டு மயிர் தரம் பிரித்தல், நூற்றல், சாயம், பிறகுதான் தறி. நெசவும் பெரும்பாலும் வெறும் ஒன்றுவிட்டொன்று. சங்கீதம் படிச்சவைக்குச் சொன்னால் விளங்கும்: சரளி வரிசையை விட்டு அவ அதிகம் நகரவில்லை. கீர்த்தனை முழுக்க நூலிலும் நிறத்திலும். தடிச்ச நூலுக்குப் பக்கத்தில் மெல்லிய நூல், முறுக்குக் கூடினதுக்குப் பக்கத்தில் முறுக்குக் குறைஞ்சது, ஒரே சாயத்தில் தோய்ச்ச இரண்டு வகைக் கம்பளி. ஒரே பானையில் போட்டாலும் இரண்டும் வேறு நிறம் காட்டும். அந்த வித்தியாசத்தைப் பிழை என்று எறியாமல் துணிக்குள் வைக்கிறதுதான் பாடம்.

தறி நுட்பத்தில் அவ பெரிய நேர்த்திக்காரி இல்லை. அது குறைதான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவவிட்டைப் பழகினவையைப் பாருங்கோ. எலிசபெத் பீகொக் 1917 இல் தொடங்கித் தானே பெரிய நெசவாளர் ஆனவ. வலன்ரைன் கில்பிறைட் அதே டிச்சிலிங்கில் தனிப் பட்டறை போட்டவர். சுவிற்சர்லாந்தில் இருந்து வந்த மரியான் ஸ்ட்ராப் பட்டறையில் பழகினதை வேல்ஸ் ஆலைகளின் விசைத்தறிக்குக் கொண்டுபோனவ. 1950 அளவில் பீற்றர் கொலிங்வூட் அங்கே இருந்தவர், பிறகு நுட்பத்துக்கே பெயர்போனவர். ஆசிரியையிடம் இல்லாததைப் பிள்ளை தேடிப் பிடிச்சது. யப்பானியக் குயவர் ஷோஜி ஹமாடாவும் பேர்னாட் லீச்சும் 1921 இல் அந்த வீட்டுக்குப் போனவை.

1939 முதல் 1947 வரை பிறைற்றன் கலைக் கல்லூரியில் கற்பிச்சவ. 1942 இல் நெசவும் கல்வியும் பற்றி ஒரு நூல். பிரித்தானியாவில் றோயல் கலைச் சங்கம் தொழில்துறை வடிவமைப்பாளருக்குக் கொடுக்கிற கௌரவம் 1936 இல் தொடங்கி, கொஞ்சக் காலத்திலேயே இவவுக்கு. அதைப் பெற்ற முதல் பெண். 1952 இல் காலமானவ.

கிணத்தடி | 07.03.2024

எங்கட நெசவு நிலையங்களில பாவு போட்டுத்தானே தொடங்கிறது. நூல் ஆலையில இருந்து சாயத்தோட வரும்.

நூல்பந்து | 07.03.2024

ஓம், அதுதான் வித்தியாசம். எங்கட பிள்ளை சேலைக்கரை எடுக்கப் பழகும், நூல் எப்படிச் சிவந்தது என்று கேட்க வழியில்லை. அவவின் பிள்ளை நேர்மாறு.

நூல்பந்து | 19.03.2024

நீலம் கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கினம்.

தலைக்குப் பூச விற்கிற அவுரிப் பொடி காய்ந்த இலை. அதைச் சாயத் தொட்டிக்குப் போட்டால் பச்சைச் சேறுதான் வரும். வேண்டியது கட்டிநீலம், கரு நீலக் கல் மாதிரி.

10 லீற்றருக்கு நீலம் 30 கிராம், நீற்றுச் சுண்ணாம்பு 60, பழவெல்லம் (பழச்சீனி, பிரக்ரோசு) 90. ஒன்றுக்கு இரண்டு மூன்று என்று வையுங்கோ. இளஞ்சூட்டில், 50 பாகை அளவில், கலக்கி மூடி வையுங்கோ. மேலே செம்புத் தகடு மாதிரி மினுக்கமும், கீழே மஞ்சள் பச்சைத் தண்ணியும் தெரிஞ்சால் தயார். கீழேயும் நீலமாய் இருந்தால் இன்னும் ஒடுங்கவில்லை, அதாவது நீலம் தண்ணியில் கரையிற வடிவத்துக்கு மாறவில்லை.

இதில் எங்கட ஆட்கள் பழவெல்லத்துக்குப் பதில் பனங்கட்டி போட்டு மூன்று நாள் காத்துக் கிடக்கினம். காரணம் இதுதான்: நீலத்தை ஒடுக்கிறது குளுக்கோசு, பிரக்ரோசு மாதிரிச் சீனி. பனங்கட்டிக்குக் கருப்பநீர் (பதநீர்) இறக்கும்போது முட்டியில் சுண்ணாம்பு பூசுறதே, சீனி உடைஞ்சு புளிக்காமல் இருக்கத்தான். சுண்ணாம்பு தன் வேலையை நன்றாய்ச் செய்ததால் உடையாத சீனிதான் கட்டியில் நிறைய. நல்ல பனங்கட்டி நல்ல நீலத்தொட்டி போடாது! கசிஞ்சு இளகின பழைய குட்டான் (ஓலைப் பெட்டியில் வார்த்த பனங்கட்டி) இதைவிடக் கெதியாய் வேலை செய்யும். அல்லது நன்றாய்ப் பழுத்த கதலி வாழைப்பழம் அரைக் கிலோ தோலோடு வேகவைச்சு வடிச்ச தண்ணி.

பனையோலை | 19.03.2024

கடைக்காரரிட்டைப் போய் "கெட்ட பனங்கட்டி இருக்கோ" எண்டு கேட்டால் அடிக்கவெல்லோ வருவார்.

நூல்பந்து | 02.11.2024

மாரி தொடங்கிட்டுது. கம்பளி, பட்டுச் செய்யிறவை எதெலின் மழைத்தண்ணி விதியைக் கைக்கொள்ள இதுதான் காலம். பருத்திக்கும் சீனக்காரக் கட்டத்துக்கு மழைத்தண்ணி நல்லது. கிணத்துத் தண்ணியில் படிகாரம் கொஞ்சம் கலங்கி வீணாகும்.

கிணத்தடி | 03.11.2024

பீலியில வாளி வைச்சுப் பிடிச்சனான். சாயம் சாம்பல் பூத்த மாதிரி வந்திட்டுது. மழைத்தண்ணிதானே அக்கா?

நூல்பந்து | 03.11.2024

கூரை என்ன? தகரம் என்றால் துரு கலந்திருக்கும். ஓடு என்றால் முதல் இரண்டு மழையை விட்டுவிட்டுப் பிடிக்கலாம். புதுச் சீமெந்துத் தட்டில் இருந்து வருகிறது மழைத்தண்ணி என்று பெயர், சுண்ணாம்பு கலந்தது.

சோதிக்கச் சுகம்: ஒரு வெள்ளைக் கோப்பையில் அந்தத் தண்ணியை எடுத்து, கடுக்காய் ஊறின தண்ணி ஒரு கரண்டி விடுங்கோ. மஞ்சளாய் நின்றால் பாவியுங்கோ. சாம்பலாய்த் திரும்பினால் இரும்பு. தென்னைக்கு ஊற்றிவிட்டு, வாளியை முற்றத்து நடுவில் வெளியாய் வையுங்கோ.